பழவேற்காடு ஏரிக்கு வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி தாண்டி வந்தால் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்களும் பைக்குகளும் பாலம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கின்றன. மீன் வாங்க வருகிறார்கள், டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள், பூநாரை பார்க்க கேமராவோடு வருகிறார்கள், எப்படியாவது படகில் ஏறிவிட வேண்டும் என்று குழந்தை குட்டியோடு வருகிறார்கள். வருகிறவர்களை விரட்டும் எண்ணம் கரையில் இருக்கும் எங்கள் யாருக்கும் இல்லை. ஆனால் இந்த ஏரியை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதனால் சில விஷயங்களைக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எங்கள் பதில்கள் இவை.

இது ஏரியா, கடலா? தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது?

பெயர்தான் ஏரி. மதகு வைத்து, கரை கட்டித் தண்ணீர் தேக்கிய இடம் இல்லை இது, காயல். தெற்கே ஆரணி ஆறும் ஆந்திரப் பக்கமிருந்து காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. வங்கக் கடல் முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இரண்டும் கலக்கிற இடம் என்பதால்தான் இங்கே இத்தனை வகை மீன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனைதான் நம் பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்துக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் விடுகிறார்களே அதே இடம்.

பரப்பைப் பார்த்து ஆழத்தைத் தப்பாக எடை போடாதீர்கள். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. ஆனால் ஓடையும் முகத்துவாரமும் அப்படி இல்லை, அதைக் கீழே சொல்கிறோம்.

முகத்துவாரம் முகத்துவாரம் என்கிறீர்களே, அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டை போடுவது கடலில். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சாக இருக்கும்போது, கடல் தண்ணீர் உள்ளே ஏறும் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும், சேற்றில் மேய்ந்து வளரும், வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். களிநண்டில் பெண் நண்டு சினையோடு கடலுக்குப் போய்த்தான் குஞ்சு பொரிக்கும். கொடுவாவும் இனப்பெருக்கத்துக்கு உப்பு அதிகமான முகத்துவாரப் பக்கம் இறங்கிவிடும். மடவையும் அப்படித்தான், உள்ளே வளர்ந்து வெளியே போய் முட்டையிடும். அந்த ஒரு வாசலில் மணல் அடைத்தால் இத்தனையும் நின்றுபோகும்.

மழை நின்று ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் உள்ளிருந்து தள்ளும் விசை போய்விடும், கடல் கொண்டுவந்து போடும் மணல் மேடாக நிற்கும். கோடையில் வெயில் ஏற ஏற ஏரித் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பு அதிகமாகிவிடுகிறது. படகு கடலுக்குப் போக முடியாது, ஏரியிலும் மீன் இருக்காது. ஊர் கூடிப் பணம் போட்டு மணலை வெட்டித் திறந்த வருடங்களும் உண்டு. திறந்த வேகத்தில் மறுபடி அடைத்துக்கொண்ட வருடங்களும் உண்டு.

இரண்டு பக்கமும் கல் கொட்டி வாசலை நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்பது மீனவ கிராமங்களின் பல வருடக் கோரிக்கை. அதில் ஒன்றை மட்டும் நாம் மறக்கக் கூடாது. இந்தக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்சுவர் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். எண்ணூர்ப் பக்கம் போய்ப் பார்த்தாலே தெரியும். எனவே கல் கொட்டியதோடு கைகழுவிவிடாமல், வடக்கே இருக்கும் குப்பங்களின் கரையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

படகு சவாரி உண்டா?

உல்லாசச் சவாரி வேண்டாம். இதில் நாங்கள் இளகுவதாக இல்லை.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சொந்தக்காரர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து ஒரே படகில் ஏறிப் போனார்கள். முகத்துவாரப் பக்கம் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. மீட்கப் போனவர்கள் எங்கள் ஊர் ஆட்கள்தான். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. ஆனாலும் விடுமுறை நாட்களில் கரையில் நின்று "சும்மா ஒரு ரவுண்டு அண்ணே" என்று கெஞ்சுகிறவர்கள் குறையவில்லை. மீன் கிடைக்காத நாளில் கையில் நீட்டிய பணத்தை வேண்டாம் என்று சொல்வது ஒரு படகுக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் எங்களுக்குத் தெரியும். தயவு செய்து அவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் அமைதியாகத்தானே இருக்கிறது, என்ன ஆபத்து?

ஏரி அமைதிதான். முகத்துவாரம் அப்படி இல்லை. கடல் மட்டம் இறங்கும் வற்ற நேரத்தில் ஏரித் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகலான வாசல் வழியாக வேகமாக வெளியே போகும், எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். தண்ணீருக்கு அடியில் மணல்மேடு வேறு, அதுவும் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. படகின் அடி மேட்டில் தட்டி நிற்கும், பக்கவாட்டில் அலை அடிக்கும், ஏறியவர்கள் பயந்து எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அவ்வளவுதான், படகு புரண்டுவிடும்.

எங்கள் ஃபைபர் படகு வலையும் மீனும் ஏற்றச் செய்தது. நாலைந்து பேர் தாழ உட்கார்ந்து போகிற கணக்கில்தான் அது தண்ணீரில் நிற்கும். இருபது பேர் ஏறி, அதில் பாதிப் பேர் எழுந்து நின்று செல்ஃபி எடுத்தால் எவ்வளவு கெட்டிக்கார ஆள் ஓட்டினாலும் தாங்காது.

ஆராய்ச்சி, கணக்கெடுப்பு, தீவுக் குப்பத்தில் ஒரு சாவு என்று படகில் போயே ஆக வேண்டியவர்கள் உண்டு. நீங்கள் அப்படி ஒருவர் என்றால் லைஃப் ஜாக்கெட் போட்டு, பெல்ட்டை மாட்டி, உட்கார்ந்தே போங்கள். சூடாக இருக்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது. வாடைக்காற்று எழும்பிவிட்டால் ஓட்டுகிறவர் "இன்னைக்கு வேணாம்" என்பார். அவரிடம் வாதாடாதீர்கள்.

படகு ஓட்டும் எங்கள் பையன்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜினைத் தூக்குங்கள், கழி போட்டுத் தள்ளிப் போங்கள். முழு வேகத்தில் போனால் விசிறி சேற்றைக் கிளறிவிடும், கலங்கிய தண்ணீரில் அடியில் முளைக்கும் பாசியும் நீர்ப்புல்லும் வெளிச்சம் இல்லாமல் செத்துப்போகும். குஞ்சு மீனுக்கு ஒளிய இடம் அதுதான். அப்புறம் கழி நட்ட வலைக்குக் குறுக்கே ஓட்டி அறுத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று போய்விடும் பழக்கம் அதிகமாகிறது. வலை அறுந்தவருக்கு அன்றைய வருமானமும் போச்சு, வலை விலையும் போச்சு. அறுத்துவிட்டால் ஊரில் வந்து சொல்லிவிடுங்கள், பேசித் தீர்க்கலாம். பழைய இன்ஜின் ஆயிலை ஏரியில் ஊற்றுவது கூடவே கூடாது. கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

பாடு என்றால் என்ன?

எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊருக்குள் முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் எல்லா இடமும் ஒன்று இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் போகும் பாதையில் இறால் குவியும், சில மூலைகளில் ஒன்றுமே இருக்காது. நல்ல இடத்துக்கு எல்லோரும் ஓடினால் அடிதடிதான். அதனால் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத்துக்கு ஒருவர் என்று, பேர் எழுதி, சீட்டுப் போட்டு, சுற்று முறையில் இடம் ஒதுக்குகிறார்கள். இன்றைக்கு உங்களுக்கு நல்ல இடம், அடுத்த முறை வேறு ஒருவருக்கு.

சுத்து வலை போடுவதைக் கிட்டே நின்று பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். சேற்றில் கழிகளை ஒவ்வொன்றாக அழுத்தி நட்டு, வலையை வில் மாதிரி வளைத்துக் கட்டி, அடிக்கயிற்றைக் காலால் மிதித்துச் சேற்றுக்குள் இறக்குவார்கள். பிறகு ஓட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் நகரும்போது இறால் தானாக வந்து வலையில் சேரும். இரவில் இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர் நின்று செய்கிற வேலை. பக்கத்திலேயே இன்னொரு குழு வந்து முன்னால் கழி நட்டுவிட்டால் பின்னால் இருப்பவருக்கு வெறும் பாசிதான் வரும். முறை இருப்பதால் ஒரு நாளைக்கு ஏரியில் இத்தனை வலைதான் என்று ஒரு வரம்பும் தானாக வந்துவிடுகிறது. அரசு அதிகாரி யாரும் வந்து நிற்காமலே நடக்கிற வரம்பு இது. ஏரி இத்தனை நாள் தாக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஆனால் பாடு எல்லோருக்கும் நியாயமாக இருக்கிறதா?

இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. பாடு உரிமை பரம்பரையாக வருவது, இன்ன சமூகத்தில் இன்ன ஊரில் பிறந்தவருக்கு மட்டும். 1970களில் இறால் ஏற்றுமதி சூடு பிடித்தபோது ஏரியை நம்பி வந்தவர்கள் பெருகினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கும் இப்போது ஏரியைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. இருளர் குடும்பங்கள் இந்தச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து வந்தவர்கள், அவர்களுக்கு எந்தச் சீட்டிலும் பேர் கிடையாது. வலையே இல்லாமல் கையால் பிடிப்பதைவிட ஏரிக்கு நோகாத முறை வேறு எது? ஆனால் தண்ணீர் கெட்டாலும் சேறு கெட்டாலும் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். கட்டுப்பாடு வேண்டும் என்று பேசும்போது, அதை உருவாக்கும் கூட்டத்தில் அவர்களும் உட்கார வேண்டும். உட்காராதவர்கள் ஏன் அதை மதிக்க வேண்டும் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

எந்த வலை கூடாது?

கண்ணி மிகச் சின்னதாக இருக்கும் எந்த வலையும் கூடாது. விரல் நுழையாத கண்ணியில் வருவது எல்லாம் குஞ்சு. கூடையில் பார்த்தால் நிறைய மாதிரி இருக்கும், விலைக்குப் போகாது, கோழித் தீவனத்துக்கும் கருவாட்டுக்கும் கிலோ கணக்கில் தள்ளிவிட வேண்டியதுதான். அதே குஞ்சு இரண்டு மூன்று மாதம் ஏரியில் இருந்தால் நல்ல காசு. நைலான் நரம்பு வலை விலை மலிவு, கண்ணுக்கும் தெரியாது, அதனால் நிறையப் பேர் வாங்குகிறார்கள். கிழிந்தால் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அது பல வருடம் மட்காமல் கிடந்து மீனையும் நண்டையும் பறவையையும் சிக்க வைத்துக்கொண்டே இருக்கும். கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டு வந்து போடுங்கள் என்பதுதான் முதல் வேண்டுகோள். விஷ மருந்து ஊற்றிப் பிடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது குற்றம்.

நான் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடலாமா?

முதலில் கேளுங்கள். 1980லிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் இது பறவைகள் சரணாலயம், 153.67 சதுர கிலோமீட்டர். எங்கே போகலாம், எங்கே கூடாது என்று வனத்துறைதான் சொல்ல வேண்டும். அனுமதி உள்ள இடமாக இருந்தாலும் வலை கட்டியிருக்கும் பக்கம் போகாதீர்கள், தூண்டில் நரம்பை அறுத்துத் தண்ணீரில் விடாதீர்கள். கொக்கும் நாரையும் காலில் நரம்பு சுற்றி நொண்டுவதைக் கரையில் இருக்கும் நாங்கள்தான் பார்க்கிறோம். சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்துக் கழற்றி விட்டுவிடுங்கள். காய்ந்த கையில் பிடித்தால் அதன் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிடும், விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

நண்டு வாங்க வருகிறோம், எதைக் கவனிக்க வேண்டும்?

வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். அகலமான மடல் இருந்தால் பெண். மடலுக்கு வெளியே பஞ்சு மாதிரி முட்டை அப்பியிருந்தால் அதை வாங்காதீர்கள், விற்பவரிடம் "ஏன் பிடிச்சீங்க" என்றும் கேளுங்கள். அந்த ஒரு நண்டிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி நண்டும் வேண்டாம். கேட்டு வாங்கும் ஆள் இருப்பதால்தான் அது கூடைக்கு வருகிறது. நாங்கள் நூறு கூட்டம் போட்டுப் பேசுவதைவிட, நாலு வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது சீக்கிரம் வேலை செய்யும்.

காக்கா ஆழி என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

தென் அமெரிக்கக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு சின்ன மட்டி. கறுப்பாக, விரல் நுனி அளவில் இருக்கும். கப்பல்கள் எடை சரிசெய்ய அடித்தட்டில் நிரப்பி வரும் தண்ணீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். கேரளத்துக் காயல்களில் பரவிய பிறகு எண்ணூர்க் கழிமுகத்தையும் பிடித்தது, இப்போது பழவேற்காட்டிலும் தெரிகிறது.

ஒரு கொத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மட்டியிலிருந்தும் மெல்லிய நூல் கிளம்பி அடுத்ததை இறுக்கிப் பிடித்திருக்கும். பிரிக்கவே முடியாது. இப்படியே கொத்துக் கொத்தாகச் சேர்ந்து தரை முழுக்க மூடிவிடும். கீழே இருக்கும் மஞ்ச மட்டி மூச்சுத் திணறிச் சாகும், இறால் புதைந்து மேயச் சேறு கிடைக்காது, கையால் பிடிக்கிறவர்களின் காலையும் விரலையும் கிழிக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போயிருக்கிறது. அரசு எடுக்கும் வேலை ஒரு பக்கம் இருக்கட்டும், நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. எண்ணூரில் ஓட்டிய படகை அப்படியே இங்கே இறக்காதீர்கள். கரையில் ஏற்றி, அடியைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். வலையையும் கயிற்றையும் உலர்த்துங்கள். சுரண்டியதைத் திரும்பத் தண்ணீரில் தள்ளாமல் கரையில் குழி தோண்டிப் புதையுங்கள். இதன் குஞ்சு தண்ணீரோடு மிதந்து வருவதால் இதை மட்டும் செய்து முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் இன்னும் சுத்தமாக இருக்கும் மூலைகளைக் கொஞ்ச காலமாவது காப்பாற்றலாம்.

பூநாரையைக் கிட்டே போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். அக்டோபர் வாக்கில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, அலகால் சலித்துச் சின்னப் பூச்சியையும் பாசியையும் தின்னும் பறவை அது, நாள் முழுக்க மேய்ந்தால்தான் வயிறு நிறையும். பறக்கும்போது சிவப்பு தெரிகிறது என்பதற்காகவே கூச்சல் போட்டும் ட்ரோன் விட்டும் கிளப்புகிறார்கள். சரணாலயத்தில் பறவையை இப்படித் தொந்தரவு செய்வது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தொலைநோக்கி கொண்டு வாருங்கள், காலையில் சீக்கிரம் வாருங்கள், பேசாமல் உட்காருங்கள். அது பாட்டுக்கு மேயும்.

ஏரி கெட்டதற்கு மீனவர்கள்தானே காரணம்?

இந்தக் கேள்வி வரும்போது எங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் பதில் சொல்கிறோம். சின்னக் கண்ணி வலைக்கு நாங்கள் பொறுப்பு. ஆற்றில் வரும் சாக்கடைக்கு நாங்களா பொறுப்பு? தெற்கே எண்ணூர் வரை அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வரிசையாக நிற்கின்றன. சாம்பலும் சுடுதண்ணீரும் எந்தப் பக்கம் போகின்றன என்று அங்கே இருக்கும் மீனவர்கள் வருடக் கணக்காகச் சொல்லி வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வாளியும் முறமும் வைத்து அள்ளியவர்கள் மீனவர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு விரிவாக்கும் திட்டத்தை எங்கள் கிராமங்கள் எதிர்ப்பதும் இதனால்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டு மெலிந்தால் ஏரியே இருக்காது.

இறால் பண்ணைகளையும் சொல்ல வேண்டும். காந்தியவாதி ஜெகந்நாதன் போட்ட வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று பேர் சொல்லியே தீர்ப்பு எழுதியது. 2005இல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்து பண்ணைகளைப் பதிவு செய்யும் முறை மாறியது. பதிவு இல்லாத பண்ணை எது, கழிவை எந்த ஓடையில் விடுகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், அந்த வேலையைக் கரையில் இருக்கிறவர்கள்தான் செய்ய முடியும்.

ஒரு நாள் வந்து குப்பை பொறுக்கினால் உதவியாக இருக்குமா?

இருக்கும், ஆனால் வரும்போதே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் டிபன் பொட்டலமும் கொண்டு வந்துவிடாதீர்கள். பொறுக்கியதை எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது என்று ஊராட்சியிடம் முன்கூட்டியே பேசிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் மூட்டையாகக் கட்டிக் கரையிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள், அடுத்த மழையில் எல்லாம் ஏரிக்குள் போய்விடும். கண்ணாடி பாட்டிலை உடைக்காதீர்கள். இங்கே சேற்றில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தப்பாக ஏதாவது நடப்பதைப் பார்த்தால் யாரிடம் சொல்வது?

தண்ணீரில் ஆள் ஆபத்தில் இருந்தால் கரையில் இருக்கும் மீனவரை உடனே கூப்பிடுங்கள், அவர்தான் முதலில் போய்ச் சேருவார். அதோடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. பறவையை வேட்டையாடினால் வனத்துறை. தண்ணீர் நிறம் மாறியிருந்தால், மீன் செத்து மிதந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். இடம், நேரம், இரண்டு மூன்று படம், முடிந்தால் ஒரு சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வையுங்கள். அடுத்த ஏற்றம் வந்தால் அடையாளமே இல்லாமல் கலைந்துவிடும், அதனால் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வலை விவகாரம், பாடு முறைத் தகராறு மாதிரி விஷயங்களை மட்டும் முதலில் அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டு போங்கள். போலீஸுக்குப் போவதற்கு முன்னால் அங்கேயே தீர்ந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.